மெட்டல் நிகழ்ச்சிக்கு இடம் பார்ப்பது எப்படி?

உரத்த, கனத்த ராக் இசை வகையான மெட்டலுக்கு முதன்முறையாக ஒரு நிகழ்ச்சியை நடத்த முனைகிறவர்கள் பெரும்பாலும் இசைக்குழுக்களை முதலில் பேசி முடித்து, சுவரொட்டியையும் வடிவமைத்துவிட்டு, இடத்தைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் முதல் வேண்டுகோள். குழு சரியாக வாசிக்காவிட்டால் அன்று ஒரு மாலை வீணாகும். இடம் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல குழு வந்தாலும் பயனில்லை, அடுத்த மாதம் அந்தக் கதவும் நமக்குத் திறக்காது.

பெங்களூரு அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழுவும் 2011 அக்டோபரில் மெட்டாலிகா குழுவும் வாசித்ததை, 2009-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் கலை விழாவுக்கு ஓபெத் குழு வந்ததை, அங்கே இருந்தவர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்கிறார்கள். அந்தப் பெருமேடைகள் நம் நினைவில் நிற்கும். ஆயினும் ஓர் ஊரில் இந்த இசை வேர்பிடிப்பது, நூறு நூற்றைம்பது பேர் மாதந்தோறும் கூடும் சிறிய இடத்தில்தான். 1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், முன்பு ப்ளூஸ் இசை நடந்துவந்த ரூத்தீஸ் இன் என்னும் சிறிய இரவு விடுதியில்தான் எக்ஸோடஸ் போன்ற த்ராஷ் (அதிவேக மெட்டல் வகை) குழுக்கள் தங்கள் ரசிகர்களை உருவாக்கிக்கொண்டன. அத்தகைய ஓர் இடத்தை நம் ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: காலியான அறையில் கைதட்டிப் பாருங்கள்

இடத்தை முதல்முறை பார்க்கப் போகும்போது, நாற்காலிகளும் ஆட்களும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிவிட்டு அமைதியாக இருங்கள். நான் முதன்முதலாக இடம் தேடி அலைந்த நாட்களில் ஒரு திருமண மண்டபத்தின் மேலாளர், "போன வாரம்தான் சார் லைட் மியூசிக் நடந்தது, ஒரு குறையும் இல்லை" என்று உறுதியாகச் சொன்னார். கைதட்டியபோது அந்த ஒலி கிரானைட் தரைக்கும் கான்கிரீட் கூரைக்கும் இடையே சடசடவென்று ஓடி, மேடைக்குப் பின்னாலிருந்த டைல்ஸ் சுவரில் மோதித் திரும்பி வந்து, நான் மூன்று எண்ணி முடித்த பிறகுதான் அடங்கியது. மேலாளர் பொய் சொல்லவில்லை. மெல்லிசைப் பாட்டுக்கு அந்த எதிரொலி ஓரளவு இனிமையாகக்கூட இருந்திருக்கும். மெட்டலுக்கு அது ஆகாது.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 200 தாள வேகத்தில், ஒரு தாளத்துக்கு நான்கு அடிகளாக, இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் டபுள் பேஸ் டிரம் ஓடினால், ஒரு வினாடிக்கு 13 அடிகளுக்கு மேல் விழுகின்றன. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 75 மில்லி வினாடிதான். முதல் அடியின் எதிரொலி அடங்க மூன்று வினாடி ஆகுமென்றால், அதற்குள் நாற்பது அடிகள் அதன்மேல் வந்து விழுந்துவிடும். டிரம்மர் எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் கேட்பவர் காதில் விழுவது லாரி என்ஜின் உறுமுவது போன்ற ஒரே இரைச்சல். நமக்கு நன்கு தெரிந்த தவிலிலேயே இதைப் பார்க்கலாம். சுவாமி புறப்பாட்டின்போது திறந்த வீதியில் ஒவ்வொரு சொல்லும் தெறித்துக் கேட்கும் தவில், மூடிய கல்யாண மண்டபத்துக்குள் வெறும் முழக்கமாகிவிடுகிறது. வேகமும் உரப்பும் ஒருங்கே கொண்ட எந்த இசைக்கும் எதிரொலி குறைந்த இடமே வேண்டும். ஒரு கைதட்டு ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும் சிறிய அறையை நான் தயங்காமல் குறித்துவைத்துக்கொள்வேன்.

கைதட்டல் உயர்ந்த ஒலிகளைப் பற்றி மட்டுமே சொல்லும். தாழ்ந்த ஒலிகளுக்கு வேறு சோதனை தேவை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். மெட்டல் குழுக்களில் பலவும் சுருதியை அதற்கும் கீழே இறக்கி வாசிக்கின்றன. இவ்வளவு நீண்ட அலைகள் சிறிய அறைக்குள் சுவர்களுக்கிடையே முன்னும் பின்னுமாகச் சென்று, சில இடங்களில் பெருகியும் சில இடங்களில் மறைந்தும் போகின்றன. ஓர் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய், தாழ்ந்த ஒலி நிறைந்த ஒரு பதிவை ஓடவிட்டு, அறை முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள். சுவரோரத்தில் நெஞ்சை இடிக்கும் ஒலி நடுவில் காணாமல் போகிறதென்றால் அந்த அறையின் அளவுகள் நமக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள கனசதுர அறைகளில் இந்தக் கோளாறு மிக அதிகம், அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

அறையைத் திருத்த முடியுமா என்று கேட்பீர்கள். உயர்ந்த ஒலிகளுக்கு முடியும்: பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, மேடையில் விரித்த ஜமுக்காளம், எல்லாவற்றுக்கும் மேலாக வந்து நிற்கும் மனிதர்களின் உடல்களே எதிரொலியைப் பெரிதும் உறிஞ்சிவிடும். ஜமுக்காளத்துக்கு வேறொரு பயனும் உண்டு. வழவழப்பான மேடையில் பேஸ் டிரம் அடிக்கு அடி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கெட்டியான ஒரு பவானி ஜமுக்காளத்தின்மேல் வைத்தால் நின்ற இடத்தில் நிற்கும். தாழ்ந்த ஒலிகளுக்கோ, சுவரிலிருந்து இடைவெளி விட்டு அமைத்த தடித்த ராக்வூல் என்னும் பாறையிழைப் பலகைகள் போன்றவை வேண்டும். அது வாடகைக்கு எடுக்கிறவரால் ஒரே மாலையில் ஆகிற வேலை அன்று. இரண்டு அங்குல ஃபோம் தகடுகளை ஒட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 8 மீட்டர் அலையை அந்த ஃபோம் ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது.

இரண்டாம் படி: தீயும் வழியும்

2015 அக்டோபர் 30 அன்று ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில், கோலெக்டிவ் என்னும் அரங்கில் குட்பை டு கிராவிட்டி என்ற மெட்டல் குழு தன் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டுக்கொண்டிருந்தது. மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி ஒலித்தடுப்புக்காக ஒட்டப்பட்டிருந்த ஃபோமில் பட்டது. 64 பேர் இறந்தார்கள். குழுவிலும் பெரும்பாலோர் அவர்களுள் அடக்கம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2003 பிப்ரவரி 20 அன்று, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்னும் இரவு விடுதியில் கிரேட் வைட் குழு வாசித்தபோது இதே விதமாக 100 பேர் இறந்தார்கள். அந்த விடுதியில் ஃபோம் ஒட்டியதே அக்கம்பக்கத்தவர் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்த பிறகுதான். வெளியேற வேறு கதவுகள் இருந்தும், வந்த வழியிலேயே திரும்ப ஓடிய கூட்டம் முன்வாசலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொண்டது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் படித்த நாளிலிருந்து, எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவரையும் அடுத்துக் கதவுகளையும்தான் தேடுகிறது. நீங்களும் இவற்றைப் பாருங்கள். எதிரெதிர்த் திசைகளில் குறைந்தது இரண்டு வாயில்கள் இருக்க வேண்டும். அவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது எதிலும் பூட்டோ சங்கிலியோ இருக்கக்கூடாது. நம் ஊர் மண்டபங்களில் பின்வாசலுக்கு வெளியே சமையல் கூடமும் எரிவாயு உருளைகளும் அடுக்கிய நாற்காலிகளும் இருப்பது வழக்கம், ஆகவே கதவைத் திறந்து தெருவரை நடந்தே பார்த்துவிடுங்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்துவிடுவார்கள் என்பதற்காகப் பின்வாசலைப் பூட்டச் சொல்கிற உரிமையாளரிடம், அங்கே நிற்க நம் ஆள் ஒருவரைத் தருவதாகச் சொல்லுங்கள். அப்படியும் இசையாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மூடிய அறைக்குள் வாணம், குளிர் மத்தாப்பு, தீப்பந்தம் எதற்கும் இடம் தராதீர்கள். குழுவினர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தாள்களையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, எத்தனை பேருக்கு அனுமதி என்ற விவரம், பொதுமக்கள் கூடும் இடத்துக்கான உரிமம் ஆகியவற்றின் நகலை முன்பணம் கொடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் 2011-இல் தொடங்கி, உலகெங்கும் உள்ள மெட்டல் குழுக்கள் வாசிக்க விரும்பிய செயிண்ட் வைட்டஸ் என்னும் சிறிய அரங்கே, கட்டட அனுமதிச் சிக்கலால் 2024-இல் மூட நேர்ந்தது.

மூன்றாம் படி: மின்சாரம்

பாடகரின் உதடு மைக்கில் பட்டவுடன் அவர் தலை பின்னுக்குத் தெறித்ததை ஒருமுறை மிக அருகிலிருந்து பார்த்தேன். கையில் கிட்டார் தந்தி, வாயருகே மைக். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒரு ஃபேஸிலும், எல்லா ஒலிகளையும் கலந்து சீராக்கும் மிக்ஸர் வேறொரு ஃபேஸிலும் இருந்தன, எர்த் சரியாக இல்லை. கறுத்த உதட்டோடு அவர் மீதிப் பாடல்களைப் பாடி முடித்தார் என்றாலும், அன்று அவர் உயிர் பிழைத்தது நல்வாய்ப்பால்தான். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆகவே இடம் பார்க்கும் நாளிலேயே ஓர் எலக்ட்ரீஷியனை உடன் அழைத்துச் செல்லுங்கள். மேடையிலுள்ள ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் அங்கே வாசிக்கக்கூடாது. ஆம்ப்கள், மிக்ஸர், ஒலிபெருக்கிகள் அனைத்தும் ஒரே ஃபேஸிலும், விளக்குகளும் ஏ.சி.யும் வேறு ஃபேஸ்களிலும் இருக்கட்டும். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் ஒரே மின்தடத்தில் இருந்தால், பாட்டு நின்ற ஒவ்வொரு கணமும் ஒரு ரீங்காரம் அறையை நிறைக்கும். மேடைக்குச் செல்லும் மின்தடத்தில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகை இல்லையென்றால், ஒலியமைப்பாளரிடம் சொல்லி ஒன்றை வரவழையுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அதை ஒருமுறை ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள்.

நான்காம் படி: மேடை, தரை, காற்று

மேடை இரண்டிலிருந்து மூன்று அடி உயரம் இருந்தால் போதும். அதற்குமேல் போனால் இந்த இசையின் உயிரான நெருக்கம் போய்விடும். மரப்பலகை மேடையாக இருந்து உள்ளே குடைவாக இருந்தால், தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கிகளான சப்வூஃபர்களை அதன்மேல் வைக்காதீர்கள், மேடையே ஒரு பெரிய பறையாக அதிரத் தொடங்கிவிடும். தரையில் நடுப்பகுதியில் சேர்த்து வைத்தால் தாழ்ந்த ஒலி அறை முழுவதும் ஓரளவு சீராகப் போய்ச் சேரும்.

பார்வையாளர் நிற்கும் தரையைக் கவனமாகப் பாருங்கள். மெட்டல் நிகழ்ச்சியில் யாரும் உட்காருவதில்லை; மேடைக்கு முன்னால் வட்டமாக இடம் விட்டு, ஒருவரையொருவர் தோளால் மோதிக்கொண்டு ஆடுவார்கள். அதை மோஷ் பிட் என்பார்கள். கீழே விழுந்தவரை உடனே நான்கு கைகள் தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம். அந்த ஆட்டத்துக்கு வழுக்காத தரை வேண்டும், கண்ணாடிச் சாளரமோ கூர்மையான மேசை விளிம்போ அருகில் இருக்கக்கூடாது. தரைத்தளமாக இருப்பது மிக நல்லது, ஏனென்றால் ஒரே தாளத்தில் நூறு பேர் குதிப்பதைத் தாங்கும்படி மாடிகள் எல்லாம் கட்டப்படுவதில்லை. நடுவே தூண் இருந்தால் அதையே காரணமாக்கி இடத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. லண்டன் கேம்டனில் 500 பேர் கொள்ளும் அண்டர்வேர்ல்டு அரங்கில் தூண்கள் பார்வையை மறைப்பதைப் பற்றி எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டாலும், நிலவறையில் அமைந்த அந்த இடம் பல்லாண்டுகளாக மெட்டல் ரசிகர்களின் வீடாக இருக்கிறது. தூணைச் சுற்றி ஒரு பழைய மெத்தையைக் கட்டிவிட்டால் போதும். அந்த மெத்தையும் ஃபோமாக இல்லாமல் பருத்தியாக இருக்கட்டும்.

ஏ.சி. போதுமா என்பதை உரிமையாளரின் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆடுகிறவர் 250 வாட்டையோ அதற்கு மேலோ வெளியிடுவார். 200 பேர் ஆடினால் 50 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. நீக்குவது மூன்றரைக் கிலோவாட் என்பதால், ஆட்களுக்கு மட்டுமே 14 டன் தேவைப்படுகிறது. உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்காகக் கணக்கிட்ட மண்டபங்களில் இதில் பாதிகூட இருக்காது. சென்னையின் மே மாதத்தில் இது மயக்கத்தில் போய் முடியும். ஆகவே மேலே காற்றுப்போக்கிகளும், உள்ளேயே இலவசமாகக் குடிநீரும் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாக, விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கழிவறை இருக்கிறதா என்று உங்களோடு வரும் ஒரு தோழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியில்லாத இடத்துக்கு ஒருமுறை வந்த பெண்கள் மறுமுறை வருவதில்லை.

ஐந்தாம் படி: ஒலியமைப்பாளர்

நல்ல கருவிகளைவிட, இந்த இசையைக் கேட்டுப் பழகிய ஒருவர் மிக்ஸரில் உட்காருவது முக்கியம். திருமண வீட்டு மைக் செட் வைப்பவர் தம் தொழிலில் எவ்வளவு தேர்ந்தவராயினும், பேஸ் டிரம்மின் 'டப்' என்ற முனை ஒலியையும் உறுமும் குரலையும் எங்கே நிறுத்துவது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். முன்கூட்டியே இரண்டு மூன்று பதிவுகளைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு கேட்டுக் கற்றுக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய அறையில் கிட்டார் ஆம்ப்பை முழு ஒலியளவில் வைக்க விடாதீர்கள். மேடையிலிருந்து நேரடியாக வரும் ஒலி பெரிதாகிவிட்டால் மிக்ஸரில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. குரல் அடியில் அமுங்கிப்போகும். அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. மிக்ஸர் அருகே ஓர் அளவுமானியை வையுங்கள், வாசலில் காதடைப்பான்களையும் வைத்துக் கேட்பவருக்கெல்லாம் கொடுங்கள். காதைக் காத்துக்கொண்டு கேட்டால்தான் இருபது வருடம் கழித்தும் கேட்க முடியும்.

ஆறாம் படி: அண்டை வீடு

ஒரு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை, அரங்குக்குப் பின்தெருவில் குடியிருந்த ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "சத்தம்கூட அவ்வளவா கேட்கல தம்பி, நெஞ்சுக்குள்ளதான் இடிக்குது. அலமாரியில பாத்திரம் எல்லாம் ஆடுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தாழ்ந்த ஒலியின் தன்மை முழுவதும் அடங்கியிருந்தது. கிட்டாரையும் குரலையும் ஒரு செங்கல் சுவர் தடுத்துவிடும். 40 ஹெர்ட்ஸ் அலை சுவரையும் தரையையும் கடந்து அடுத்த வீட்டு அலமாரிக்குப் போய்விடும். அதற்குப் பின் நான் ஒவ்வொரு புதிய இடத்திலும், ஒலிபெருக்கியை உள்ளே ஓடவிட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றித் தெருவில் நடந்து பார்க்கிறேன். கடைகளும் பட்டறைகளும் மாலையோடு மூடும் பகுதியில் உள்ள இடம், குடியிருப்புக்கு நடுவிலுள்ள அழகிய அரங்கைவிட மேலானது.

சட்டத்தையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைத் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குக்கு இந்த நேரத் தடையில் விலக்கு உண்டு என்றாலும், வெளியே கசியும் ஒலிக்கு விலக்கு இல்லை. ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. கடைசிப் பேருந்தையும் பிடித்துவிடலாம்.

மதுக்கூடமா, அரங்கமா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பதால், மதுக்கூடத்தில் நடத்தினால் பள்ளி, கல்லூரி மாணவர்களை வெளியே நிறுத்த நேரும். முதல் முதலாகக் கிட்டாரைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். என்னைக் கேட்டால், வருமானம் குறைந்தாலும் எல்லா வயதினரும் வரக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஏழாம் படி: அளவும் வெள்ளோட்டமும்

எதிர்பார்க்கும் கூட்டத்தைவிடச் சற்றே பெரிய இடம் போதும். 150 பேர் கொள்ளும் அறையில் நூறு பேர் நின்றால் குழுவுக்கும் உற்சாகம், எதிரொலியும் அடங்கும்; அதே நூறு பேர் 600 பேருக்கான மண்டபத்தில் சிதறி நின்றால் அறை காலியாகத் தோன்றும், ஒலியும் காலி அறையின் ஒலியாகவே இருக்கும். வாடகை, ஒலியமைப்பு, குழுக்களின் பயணச் செலவு மூன்றையும் கூட்டி, அறையின் கொள்ளளவில் பாதி டிக்கெட் விற்றாலே அந்தத் தொகை வருமா என்று பாருங்கள். வராதென்றால் அந்த இடம் இப்போதைக்கு நமக்குப் பெரிது.

எல்லாம் ஒத்துவந்தால் ஒரே ஒரு உள்ளூர்க் குழுவை வைத்து, ஐம்பது அறுபது நண்பர்களை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளோட்டம் பாருங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இரண்டு நாள் முன்பே நேரில் போய், முடியும் நேரத்தையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் முதலில் சப்வூஃபரைக் குறையுங்கள், பிறகு பேசுங்கள். மறுநாள் காலை ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்த் தரையில் விரிசலோ சுவரில் உடைப்போ இருக்கிறதா என்று பார்த்து, காவலாளியிடம் கடைசி ஆள் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்தெருவிலும் ஒரு நடை நடந்துவிட்டு வந்த பிறகு, உரிமையாளரிடம் அடுத்த மாதத் தேதியைக் கேளுங்கள்.